முதுசம், தேட்டம், சீதனம்: உடுவில் சொல்லும் கிறிஸ்தவப் பாடம்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கண்மூடியபின் அவர் விட்டுப்போனதைக் கணக்கெடுக்க மூன்று சொற்கள் போதும்: முதுசம், சீதனம், தேடியதேட்டம். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையை எழுத்தில் தொகுத்தபோது இவை ஏற்கெனவே மக்கள் வாயில் நெடுங்காலம் புழங்கியவை. பழைய முறைப்படி தகப்பன் வழிவந்த முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு. தாய் கொண்டுவந்த சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. இருவரும் கூடி வாழ்ந்த காலத்தில் தேடியது பிள்ளைகள் எல்லாருக்கும். காணி உறுதிகளை விரித்துவைத்து, வேலியின் எல்லையையும் கிணற்றுப் பங்கையும் பார்த்துப் பிரித்துவிடலாம். ஆனால் ஒருவர் தம் பிள்ளைகளுக்குள் விதைத்த விசுவாசத்தை எந்த உறுதியில் எழுதுவது? அவர் காட்டிய நேர்மையும் இரக்கமும் யாருடைய பங்குக்கு வரும்?

ஞானமாய் வாழ்வது என்றால் என்ன, நமக்குப் பின்வருகிறவர்களுக்கு எதை உண்மையாய் விட்டுப்போவது என்ற கேள்வி திருச்சபைப் பிரசங்கங்களில் அடிக்கடி எழுகிறது. பெரும்பாலும் அது புத்திமதியோடு முடிந்துவிடும். புத்திமதியை ஓர் ஊரின் வரலாற்றோடு உரசிப் பார்த்தால்தான் அதன் மாற்றுத் தெரியும். வலிகாமத்துச் செம்மண்ணில், மானிப்பாய்க்கும் சுன்னாகத்துக்கும் இடையே, புகையிலையும் வெங்காயமும் விளையும் உடுவில் அதற்கு ஏற்ற உரைகல். இருநூறு ஆண்டுகளாக அங்கே கிறிஸ்தவர்கள் பெற்றார்கள், தேடினார்கள், கொடுத்தார்கள், சிலவேளை கொடுக்கத் தவறினார்கள். அந்தக் கதையிலிருந்து நான் வந்துசேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் கையை எடுத்தபின்னும் பிறர் கையில் உயிரோடு இருப்பதே உண்மையான சொத்து. அப்படிக் கையை எடுக்க வாழும்போதே பழகிக்கொள்வதுதான் ஞானம்.

வேதம் காட்டும் மூன்று வழிகள்

வேதாகமம் சுதந்தரத்தைப் பற்றிப் பேசும்போது மண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகாப் ராஜா கேட்டும் தன் பிதாக்களின் திராட்சத்தோட்டத்தை விற்க மறுத்து உயிரை இழந்தவன் நாபோத். யாழ்ப்பாணத்து விவசாயிக்கு அவனை விளக்க வேண்டியதில்லை. முதுசக் காணி விலைக்கு வருவதல்ல என்பது அவனுக்கும் தெரிந்த நியாயம். எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் வந்து, சகோதரர் இல்லாத காரணத்தால் தங்கள் தகப்பனின் பேர் அழியலாமா என்று நியாயம் கேட்கிறார்கள். தேவன் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார். பெண்கள் எழுந்து கேட்டதால் ஒரு வழமையே திருத்தப்பட்ட இடம் அது. உடுவிலின் கதைக்கு அந்த ஐந்து பெண்களும் மூதாட்டிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேட்டத்தைப் பற்றி வேதம் எச்சரிக்கையோடு பேசுகிறது. நன்றாய் விளைந்த நிலத்தைப் பார்த்து, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்டுவேன் என்று திட்டமிட்ட ஐசுவரியவானை இயேசு மதிகேடன் ஆக்கிக் காட்டுகிறார். அவன் திருடவில்லை, சோம்பியிருக்கவும் இல்லை. அன்றிரவே தன் ஆத்துமா கேட்கப்படலாம் என்ற ஒரு கணக்கை மட்டும் விட்டுவிட்டான். தொண்ணூறாம் சங்கீதத்தில் மோசே வேண்டிக்கொள்வது அந்தக் கணக்கைத்தான்: நாட்களை எண்ணத் தெரிந்தவனுக்கே ஞான இருதயம். பிரசங்கியின் கவலை வேறு. பாடுபட்டுச் சேர்த்ததைத் தனக்குப் பின்வருகிறவனிடம் விட வேண்டும். அவன் புத்திமானோ மூடனோ யாருக்குத் தெரியும்? சாலொமோனுக்குப் பின் ரெகொபெயாம் வந்து ராஜ்யம் இரண்டாய்ப் பிளந்ததை நினைத்தால் அந்தக் கவலை வெறும் கவிதையல்ல என்பது புரியும்.

மூன்றாவது வழி பவுலுடையது. அவருக்குக் காணியில்லை, வீடில்லை, பிள்ளையில்லை. கேட்டதை உண்மையுள்ள மனிதரிடம் ஒப்புவி, அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்கட்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதும்போது ஒரே மூச்சில் நான்கு தலைமுறைகளைத் தொட்டுவிடுகிறார். அதே நிருபத்தில் தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர்சொல்லி நினைக்கிறார். விசுவாசம் முதுசமாய் வந்தது தாய்வழியில்; அது போக வேண்டியது அந்நியரிடம். இதைவிடச் சுருக்கமாக இந்தக் கேள்விக்கு வேதம் பதில் சொல்லவில்லை.

பத்தொன்பது வயதின் கணக்கு

உடுவிலின் கதை உடுவிலில் தொடங்கவில்லை. மொரீசியஸ் தீவில் ஒரு கல்லறையில் தொடங்குகிறது. 1812இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட முதல் மிஷனரிகளைக் கிழக்கிந்தியக் கம்பனி கல்கத்தாவில் தங்கவிடவில்லை. அவர்களுள் சாமுவேல் நியூவெலும் அவர் மனைவி ஹரியற் நியூவெலும் மொரீசியஸ் போனார்கள். கடலில் பிறந்த பெண்குழந்தை சில நாட்களில் இறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஹரியற்றும் இறந்தார். வயது 19. ஒரு பாடம் நடத்தவில்லை. ஒருவருக்கும் ஞானஸ்நானம் கிடைக்க வழிகாட்டவில்லை. உலகக் கணக்கில் அது முழு நட்டம்.

மனைவியைப் புதைத்துவிட்டுத் தனியாய்ப் புறப்பட்ட சாமுவேல் 1813இல் இலங்கைக்கு வந்தார். இங்கே வரவேற்பு இருப்பதைக் கண்டு தாய்ச்சபைக்கு எழுதினார். 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் கால்பதித்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையங்களை அமைத்தது. 1820இல் உடுவில் நிலையம் வந்தது.

அந்தக் கல்லறையிலிருந்து இன்னொரு நூலும் இழைந்தது. நியூயோர்க்கில் ஒரு பூமிசாத்திர வகுப்பில், எட்டு வயதுச் சிறுமியான எலைசா அக்னியூவுக்கு ஆசிரியர் தேசப்படத்தில் மொரீசியஸைத் தொட்டுக்காட்டி, ஹரியற் நியூவெல் அடங்கிய இடம் இது என்றார். தானும் மிஷனரியாய்ப் போவேன் என்று அந்தப் பிள்ளை அன்றே தீர்மானித்தது. ஆனால் ஓடிப்போகவில்லை. பெற்றோரைப் பராமரித்து, அவர்கள் மறைந்தபிறகே புறப்பட்டார். 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்தபோது வயது 32. தீர்மானத்துக்கும் பயணத்துக்கும் இடையே ஏறத்தாழ கால் நூற்றாண்டு. வீட்டுக் கடமையைத் தள்ளிவிட்டு ஊழியம் தேடாத அந்தப் பொறுமையை ஞானம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

உடுவிலில் ஒரு பள்ளி

1820ஐ ஒட்டி வந்தவர்களுள் மைரன் வின்ஸ்லோவும் ஹரியற் வின்ஸ்லோவும், லீவை ஸ்போல்டிங்கும் மேரி ஸ்போல்டிங்கும் இருந்தார்கள். அதே காலத்தில் பிரித்தானிய ஆட்சி புதிய அமெரிக்க மிஷனரிகள் வருவதைத் தடைசெய்தது. 1833 வரை அந்தத் தடை நீடித்தது. பதின்மூன்று ஆண்டுகள் புதிய கைகள் இல்லை. இருக்கிறவர்கள் இறந்தால் இடம் வெறுமையாகிவிடும் என்ற நிலை. அந்த நிலையில்தான் 1824இல் ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கு விடுதியோடு கூடிய பாடசாலையைத் தொடங்கினார்.

எழுத்துப் படித்தால் பெண் கெட்டுவிடுவாள், விதவையாகிவிடுவாள் என்ற அச்சம் வேரோடியிருந்த காலம் அது. ஏடும் எழுத்தாணியும் ஆண்பிள்ளைகளுக்கு. மிஷனின் நோக்கமும் இன்று நாம் விரும்பும் அளவுக்கு விரிந்ததல்ல. வட்டுக்கோட்டை செமினரியில் படிக்கும் கிறிஸ்தவ இளைஞருக்குப் படித்த மனைவியர் வேண்டும் என்பது அவர்களுடைய முக்கிய எண்ணங்களில் ஒன்று. எந்த நோக்கத்தோடு விதைத்தாலும் முளைப்பது விதையின் குணம். எழுத்துத் தெரிந்த பெண் எதைப் படிப்பாள், தன் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பாள் என்பது விதைத்தவரின் கையில் இல்லை.

ஹரியற் வின்ஸ்லோ 1833 ஜனவரியில் உடுவிலில் இறந்தார். வயது 36. பெற்ற பிள்ளைகளிலும் சிலரை முன்னமே இந்த மண்ணுக்குக் கொடுத்திருந்தார். அவருடைய குருதிவழி அமெரிக்காவில் தழைத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த மகளின் பேரன் ஜோன் பொஸ்ரர் டலஸ் 1953இல் அமெரிக்காவின் இராஜாங்கச் செயலாளரானார். உலக அரசியலில் அந்தப் பெயர் பெரிது. ஆனாலும் ஹரியற் எதை விட்டுப்போனார் என்று உடுவிலில் கேட்டால், காலையில் இரட்டைப்பின்னலோடு பள்ளிக்கூட வாசலுக்குள் நுழையும் பிள்ளைகளைத்தான் காட்டுவார்கள். அவர் ஒன்பதே ஆண்டுகள் தாங்கிய பள்ளி இருநூறு ஆண்டைத் தாண்டி நிற்கிறது.

ஆயிரம் மக்களின் தாய்

ஹரியற் வின்ஸ்லோ போனபின் பள்ளி மூடப்படவில்லை. மேரி ஸ்போல்டிங் அதை ஏற்றெடுத்தார். லீவை ஸ்போல்டிங்கோடு அரை நூற்றாண்டுக்கு மேல் யாழ்ப்பாணத்திலேயே வாழ்ந்தார். மக்கள் அவர்களை ‘ஐயர்’ என்றும் ‘அம்மா’ என்றும் அழைத்தார்கள். ஐயர் 1873இலும் அம்மா 1874இலும் காலமானார்கள். நாடு திரும்பி ஓய்வெடுக்கும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை.

எலைசா அக்னியூ வந்துசேர்ந்தது அந்த வீட்டுக்கு, அந்தப் பள்ளிக்கு. மணம் முடிக்காமல் தனியாய் இலங்கைக்கு மிஷனரியாய் வந்த முதல் பெண் அவரே. 1879இல் ஓய்வுபெறும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவில் பிள்ளைகளோடு வாழ்ந்தார். ஒருமுறையேனும் விடுமுறையில் அமெரிக்கா போகவில்லை. விடுமுறை நாட்களில் பழைய மாணவியரின் வீடுகளைத் தேடிப்போனார். பேத்தியர் வகுப்பில் வந்து உட்காரும்வரை கற்பித்தார். அம்மா, மகள், பேர்த்தி என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கும் அவர் ஆசிரியை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள். அறுநூறுக்கு மேற்பட்டோர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்கள் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. ‘ஆயிரம் மக்களின் தாய்’ என்று அவரை அழைத்தார்கள். 1883 ஜூனில் மானிப்பாயில் கண்மூடினார்.

அக்னியூவின் வாழ்வில் நாம் பொதுவாக மெச்சும் பெருஞ்செயல் ஒன்றும் இல்லை. அவர் பெரிய நூல் எழுதவில்லை. புதிய கோட்பாடு சொல்லவில்லை. ஒரே இடத்தில், ஒரே வேலையை, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் நினைவில் வைத்து, நாற்பது ஆண்டு செய்தார். நாட்களை எண்ணுவது என்பதை நாம் நாள் குறைகிறது என்ற பயமாக எடுத்துக்கொள்கிறோம். அவர் ஒவ்வொரு நாளையும் ஒரு பிள்ளையின் கணக்கில் எழுதினார்.

பல கைகள் கட்டிய அகராதி

பள்ளியைப் போலவே இன்னொரு தேட்டமும் அந்தத் தலைமுறையிலிருந்து வந்தது. நல்லூரில் சேர்ச் மிஷனைச் சேர்ந்த ஜோசப் நைற் தமிழ்ச் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். முடிக்கும் முன் அவர் காலமானார். திரட்டிய ஏடுகள் மிஷனரிகளின் கைமாறிக் கைமாறிப் போயின. சந்திரசேகர பண்டிதர் முதலிய தமிழறிஞரின் உழைப்பால் 1842இல் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. மானிப்பாயில் அச்சானதால் மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். சென்னைக்குப் போய்விட்ட மைரன் வின்ஸ்லோ, நைற் தொடங்கிய தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் நிறைவுசெய்தார். இருபதாம் நூற்றாண்டில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வேலை தொடங்கியபோது வின்ஸ்லோவின் நூலைத் திருத்துவதிலிருந்தே அந்த முயற்சி கிளைத்தது. முதல் பதிப்பாசிரியர் சான்ட்லர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர். அந்த மதுரை மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்தே பிறந்தது. இடம்பார்க்க முதலில் மதுரைக்குப் போனவர் ஸ்போல்டிங்.

ஒருவர் தொடங்கினார்; முடித்தவர் வேறொருவர்; பயன்படுத்தியவர்களோ தொடங்கியவரின் பெயரையும் அறியாதவர்கள். இந்த வேலையில் ‘என்னுடையது’ என்று யாரும் ஏடுகளைப் பெட்டியில் பூட்டிவைத்திருந்தால் தமிழுக்கு எவ்வளவு நட்டம்! கிறிஸ்தவ உக்கிராணத்துவம் என்று நாம் பேசுவதற்கு நைற்றின் ஏடுகள் நல்ல உவமை.

மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஷ்க் கிறீனின் வழியும் அதுவே. 1847இல் வந்த அவர் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ‘இரணவைத்தியம்’ 1867இல், ‘கெமிஸ்தம்’ 1875இல் என்று நூல்கள் வந்தன. 60க்கும் மேற்பட்ட வைத்தியரைப் பயிற்றினார். தான் போனபின் இந்த மக்களின் வைத்தியம் இந்த மக்களின் மொழியில் நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தன்னை இன்றியமையாதவராக்கிக்கொள்வதில் அவருக்கு ஆசையில்லை. மசச்சூசெற்ஸில் அவர் கல்லறையில் பொறித்திருப்பது, தமிழருக்கு வைத்திய ஊழியராய் இருந்தவர் என்பதே.

சுதந்தரத்தின் கறைகள்

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் இது புகழ்மாலை ஆகிவிடும். முதுசக் காணியோடு கடனும் வரும். உண்மையுள்ள வாரிசு இரண்டையும் ஏற்க வேண்டும்.

முதலாவது சீதனம். பெண்பிள்ளைகளை விடுதியில் நிறுத்திவைக்க ஆரம்ப காலத்தில் மிஷன் உணவும் உடையும் கொடுத்தது. படிப்பை முடிப்பவளுக்குச் சிறு சீதனமும் தருவதாகச் சொன்னது. அன்றைய நிலையில் அது தந்திரமான ஏற்பாடு. பெற்றோரின் பெரிய பயத்தை அது நீக்கியது. ஆனால் சீதனம் என்ற வழக்கத்தைக் கேள்வி கேட்காமல் தனக்குப் பயன்படுத்திக்கொண்டது. இன்றும் எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் வீடும் காசும் நகையும் பேசாமல் பெண்பார்த்தல் முடிவதில்லை. ஆலயத்தில் ஆசீர்வாதம், வீட்டில் பேரம் என்ற நிலைக்கு அன்றே ஒரு முளை விழுந்துவிட்டது.

இரண்டாவது பெயர். அமெரிக்கக் கொடையாளர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால் அந்தப் பிள்ளைக்குத் தம் பெயரை வைக்கலாம். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார்; விசுவநாதபிள்ளை கரோல் ஆனார்; சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். இன்றும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் நியூ இங்கிலாந்துப் பெயர்கள் பல வழங்குகின்றன. சிலர் அதைப் பெருமையாய்ச் சுமக்கிறார்கள். ஆனால் கொடுத்தவர் தம் பெயரைப் பெற்றவர்மேல் ஒட்டிவைத்தால், கொடை முழுதாகக் கைவிட்டுப் போகவில்லை. அந்தச் சதாசிவம்பிள்ளையே பிறகு ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதித் தமிழ்ப் புலவரின் பெயர்களைக் காத்தார் என்பது நெஞ்சைத் தொடும் மறுமொழி.

மூன்றாவது சாதி. கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன் என்ற பேதமில்லை என்று போதித்த சபையில், யாரோடு உட்காருவது, யார் கையால் உண்பது என்ற கேள்வி தீரவில்லை. மிஷன் பாடசாலைகள் வெள்ளாளப் பிள்ளைகளை இழுக்கும் ஆவலில் நெடுங்காலம் விட்டுக்கொடுத்தன. சம ஆசனம், சம போசனம் என்ற நியாயம் பாடசாலைகளில் கட்டாயமாகியது 1920களின் கடைசியிலேதான். அப்போதும் கலவரம் எழுந்தது. அதற்காகக் குரல்கொடுத்தவர்களில் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸின் இளைஞர்கள் முன்நின்றார்கள். 1924இல் எழுந்த அந்த இயக்கத்தின் தலைவருள் ஒருவரான ஹன்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியின் பிள்ளை. பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர். சபை தாமதித்ததைச் சபை வளர்த்த பிள்ளைகள் சபைக்கு வெளியே நின்று கேட்டார்கள். அதையும் சுதந்தரத்தின் பகுதியாக ஏற்பதுதான் நேர்மை.

கையை எடுக்கும் கலை

கட்டியதை ஒப்படைப்பது கட்டுவதைவிடக் கடினம். 1854–55இல் மிஷனின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் யாழ்ப்பாணம் வந்தார். தன்னைத் தானே ஆளும், தாங்கும், பரப்பும் சபை உருவாக வேண்டும் என்பது அவர் கொள்கை. மிஷனரி என்றென்றும் தங்கும் தலைவரல்ல. உள்ளூர்ச் சபை எழுந்தவுடன் நகர வேண்டியவர். அந்தக் கொள்கையை இன்றும் வாசித்துக் கற்கலாம். ஆனால் அதன் பேரில் 1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளை போன்றவர்களை வளர்த்த கல்விக்கூடம், உள்ளூர் மக்களின் மனத்தைக் கேட்காமலே முடிந்தது. கொள்கை சரி, ஆனால் வாரிசைக் கேட்காமல் வாரிசுக்காக முடிவெடுத்தது தவறு. அந்தத் தவறைத் திருத்தியவர்களும் வாரிசுகளே. உள்ளூர்க் கிறிஸ்தவரின் முயற்சியால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

உடுவிலில் ஒப்படைப்பு மெல்ல நடந்தது. நூறாண்டுக்கு மேல் அமெரிக்கப் பெண்கள் தலைமை தாங்கிய பள்ளியை, லூலூ புக்வால்டருக்குப்பின் 1941இல் அரியம் ஹட்சன் பரமசாமி ஏற்றார். உடுவிலின் முதல் தமிழ் அதிபர் அவர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாண அத்தியட்சாதீனத்தின் முதல் பேராயரானவர் சபாபதி குலேந்திரன். ‘கிருபை’ என்ற ஒரே கருத்தைக் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்பிட்டு 1964இல் ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றைத் தமிழில் தந்தவர். அந்நியர் கொண்டுவந்த விசுவாசம் இந்த மண்ணின் சிந்தனையாகிவிட்டதற்கு அவர் எழுத்துச் சாட்சி. 1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோது உடுவில் தனியார் பாடசாலையாய் நிற்கத் துணிந்தது. கட்டணம் வாங்க முடியாத அந்த ஆண்டுகளில் அதைத் தாங்கியவர்களில் பழைய மாணவியரும் சபையாரும் முன்நின்றார்கள். அக்னியூவின் மக்கள் தாயை வைத்துப் பார்த்தார்கள்.

வேலிக்கு அப்பால்

ஒரு சுதந்தரத்தின் அளவைச் சொந்த வீட்டுக்குள் மட்டும் எடுத்தால் கணக்குப் பிழைக்கும். மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவலோடு இருந்து வேதாகமத் தமிழ்மொழிபெயர்ப்புக்கு உழைத்த ஆறுமுக நாவலர், அதே அச்சையும் பிரசங்க முறையையும் பள்ளியையும் சைவத்துக்காகக் கையாண்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1913இல் உடுவிலுக்குப் பக்கத்திலுள்ள மருதனார்மடத்தில் சேர் பொன். இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி எழுப்பினார்.

மிஷனரிகளில் சிலர் இதைத் தோல்வியாய்க் கண்டிருக்கலாம். நான் அப்படிக் காணவில்லை. 1824இல் ஊரே நகைத்த பெண்கல்வி தொண்ணூறு ஆண்டுக்குள் சைவக் குடும்பங்களும் தங்கள் பெண்களுக்குக் கேட்கும் உரிமையாயிற்று. நம் நம்பிக்கையை ஏற்காதவனும் நம்மிடமிருந்து நல்லதொன்றை எடுத்துத் தனதாக்கிக்கொண்டால் அது நம் சாட்சியின் வெற்றியே. மருதனார்மடத்திலேயே பிறகு எழுந்த கிறிஸ்தசேவ ஆச்சிரமம் எதிர்த்திசையில் அதே பாடத்தைக் கற்றது. இந்த மண்ணின் தவவாழ்வைக் கிறிஸ்துவின் தொண்டோடு இணைத்தது அது. கொடுத்தவர் பெறவும் பழகிவிட்டார்.

இன்றைய கேள்விகள்

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சிக்கு நகர்ந்த அந்தக் கூட்டத்தில் உடுவிலாரும் இருந்தார்கள். சைக்கிள் கரியரில் கட்ட முடிந்ததே அன்றைய சொத்து. காணி உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ்கள், கிறிஸ்தவ வீடுகளில் பிறப்பும் இறப்பும் எழுதிய வேதாகமம். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு மணி நேரத்தில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஞானமாய் வாழ்தல் என்பது அந்த ஒரு மணி நேரத்தை ஆயுள் முழுவதும் மனத்தில் வைத்திருப்பது என்று அந்த இரவைக் கடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வேர்கொண்டார்கள். முதுசக் காணியில் பற்றை வளர்கிறது. பங்குக்காரர் ஐந்து தேசங்களில். ஒரு கையெழுத்துக்கு ஐந்து வருடம். ஆலயங்களிலும் முதியோரே அதிகம். நிர்வாகப் பதவியை விடமாட்டாமல் பற்றிக்கொண்டிருத்தல், சபைச் சொத்துக்காக நீதிமன்றப் படியேறுதல், முன்னோர் ஊழியத்தை நம் பெயரில் கொண்டாடுதல் ஆகியவை தமிழ்த் திருச்சபைகள் பலவற்றின் நோய்கள். இளையவர் வரவில்லை என்று வருந்துகிறோம். வந்தவனுக்கு நாம் எழும்பி நாற்காலி கொடுத்தோமா என்று கேட்பதில்லை.

இந்த ஆய்விலிருந்து நடைமுறைக்கு வருவன சில உண்டு. புத்தி தெளிவாய் இருக்கும்போதே மரண சாசனம் எழுதுவதும் பிள்ளைகளோடு இருந்து பேசுவதும் விசுவாசக் குறைவல்ல. அது நாட்களை எண்ணுதல். மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடில்லாமல் பங்கிடுவது செலொப்பியாத்தின் குமாரத்திகளுக்குத் தேவன் கொடுத்த தீர்ப்பு தொடங்கிவைத்த வழியில் நடப்பது. சீதனம் கேட்காத ஒரு கலியாணம், அதைப் பற்றிய நூறு பிரசங்கத்துக்குச் சமம். சபைப் பதவிக்கு ஒரு வயதெல்லை, அதற்கு முன் ஒருவரைப் பயிற்றுவிக்கும் கடமை என்பவை இருந்தால் ஒப்படைப்பு துக்கவீட்டில் நடக்க வேண்டியதில்லை. பழைய ஞானஸ்நானப் பதிவுகள், நினைவு மலர்கள், கடிதங்கள் செல்லரிக்கும் முன் பிரதியெடுத்து நூலக நிறுவனம் போன்ற பொதுச் சேமிப்புகளுக்குக் கொடுத்தால், நம் பிள்ளைகளோடு அயலாரின் பிள்ளைகளும் படிப்பார்கள். வெளிநாட்டிலுள்ளவர் ஆலயத்தில் பெயர்ப்பலகை வைக்கும் பணத்தைப் பெயரில்லாமல் ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்தால், ஆர்னல்டுக்கும் கரோலுக்கும் பட்ட கடன் சிறிது தீரும்.

பகுப்பு

இனித் தொடங்கிய மூன்று சொற்களுக்கு வருவோம். விசுவாசம் நமக்கு முதுசம். அது லோவிசாளிடமிருந்து வந்தது, மொரீசியஸ் கல்லறையிலிருந்து வந்தது, கடனோடும் கறையோடும் வந்தது. நாபோத்தைப் போல அதை விற்காமலிருக்க வேண்டும்; அதன் கடனையும் அடைக்க வேண்டும். நம் ஆண்டுகளின் உழைப்பு தேட்டம். தேசவழமைப்படி அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. பெரியவன், சிறியவன், ஆண், பெண், உள்ளவன், இல்லாதவன் என்று பார்க்காமல் பகிர வேண்டியது.

மூன்றாவது சீதனம். அதை நம் ஊரில் ஒரு நோயாகவே அறிந்துவிட்டோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு பழைய நியாயம் உண்டு: மகளோடு போன சீதனம் மகளுடையது, அது அவள் புகும் வீட்டில் வேலை செய்யும். எலைசா அக்னியூ பிள்ளை பெறவில்லை, காணி வாங்கவில்லை. தேசவழமைப்படி பகுக்க உட்கார்ந்தால் அவர் பெட்டியில் பிரிக்க ஒன்றும் இருந்திராது. எல்லாவற்றையும் அவர் முன்பே கொடுத்தனுப்பிவிட்டார். வலிகாமத்து ஒழுங்கைகளில் ஆயிரம் வீடுகளுக்குள் எழுத்தறிந்த மருமக்களாய், தாய்மாராய், பாட்டிமாராய் அவருடைய சீதனம் நடந்துபோயிற்று. இன்று உடுவிலின் வாசலில் நுழையும் ஒரு சிறுமிக்கு அவர் பெயர் தெரியாமலிருக்கலாம். ஆனால் அவள் பாட்டி அவளுக்கு முதல் எழுத்தை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பாள்.